பணம் எப்போது கைக்கு வரும்? சிங்கப்பூரில் சிறிய கேம் ஸ்டூடியோ நடத்திய அனுபவம்

சிங்கப்பூரின் ஒன்-நார்த் வட்டாரத்தில் பெரிய ஸ்டூடியோக்களில் வேலை பார்த்துக்கொண்டே, நாலு பேர் சேர்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்தால் என்ன என்று யோசிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்கள் எந்த எஞ்சின் (கேம் செய்யும் மென்பொருள்) நல்லது, ஸ்டீம் என்ற இணையக் கடையில் போடலாமா மொபைலில் போடலாமா, கதையைத் தமிழில் வைத்தால் வாங்குவார்களா என்றெல்லாம் கேட்கிறார்கள். பணம் எப்போது கைக்கு வரும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலின் விலை ஏறக்குறைய 80,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதில் 60,000 என் சேமிப்பு, 20,000 அண்ணனிடம் வாங்கியது. பணத்தைவிட, அந்த மாதங்களில் யாரிடம் போய் என்ன கேட்பது என்றே தெரியாமல் இருந்ததுதான் பெரிய வலி. அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஒப்பந்தத்தில் ரகசியம் காக்கும் விதி இருப்பதால், பணம் கொடுத்து எங்கள் கேமை வெளியிட ஒப்புக்கொண்ட வெளியீட்டாளரின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெயர் தெரியாவிட்டாலும் விஷயம் புரியும்.

முதலில் இங்கே இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். 2008-இல் யூபிசாஃப்ட் சிங்கப்பூரில் ஸ்டூடியோ திறந்தது. அதே ஆண்டு டிஜிபென் கல்லூரியும் வந்தது. 2009-இல் கரேனா என்ற கேம் நிறுவனம் இங்கே தொடங்கியது. 2017-இல் வந்த ஃப்ரீ ஃபயர் கேம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. 2013-இல் பண்டாய் நாம்கோ வந்தது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் கேம் படிப்பைத் தொடங்கின. இப்படிப் பெரிய நிறுவனங்களைச் சுற்றித்தான் இங்கே ஆட்கள் உருவானார்கள். நானும் அப்படி ஒரு ஸ்டூடியோவில் தயாரிப்பு நிர்வாகம் பார்த்து வளர்ந்தவள். அங்கே கற்றுக்கொண்டது ஏராளம். ஆனால் பெரிய இடத்தில் எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் ஒரு இன்வாய்ஸைக்கூடக் கண்ணால் பார்க்க மாட்டோம். யூபிசாஃப்ட் சிங்கப்பூர் செய்த ஸ்கல் அண்ட் போன்ஸ் கேம் 2017-இல் அறிவிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அவ்வளவு நீண்ட காத்திருப்பை ஒரு பன்னாட்டு நிறுவனம் தாங்கும். ஐந்து பேர் ஸ்டூடியோவுக்கு அதில் ஐந்து மாதம் வந்தாலே மூச்சு நின்றுவிடும்.

எங்கள் கேம் ஒரு மாமாக் கடையைப் பற்றியது. 1980-களில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். கடன் எழுதும் நோட்டு, பள்ளி விட்டு வரும் பிள்ளைகள், மூன்றாம் மாடி மலாய்ப் பாட்டி, சம்பள நாள் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லும் துறைமுகத் தொழிலாளி. யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதில்தான் விளையாட்டு நகரும். உரையாடல் சிங்கப்பூரின் நான்கு மொழிகளிலும் இருந்தது. தமிழ் கட்டாயம் வேண்டும் என்பதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை.

தமிழைத் திரையில் கொண்டுவருவது தனி வேலை. இதைத் தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் எடுத்த யூனிட்டி எஞ்சினில் எல்லோரும் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ என்ற எழுத்துக் கருவி தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்காது. கெ, கே, கை என்று எழுதினால் கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கொ, கோ இன்னும் மோசமாக உடையும். எங்கள் புரோகிராமர், நல்ல கெட்டிக்காரத் தம்பி, உரை திரைக்குப் போகும் முன்பே எழுத்துகளின் வரிசையை மாற்றி, பழைய எழுத்துரு முறையில் காட்டும் ஒரு சின்ன நிரலை எழுதினான். வாரக்கணக்கில் ஆனது. சீனத்துக்கோ மலாய்க்கோ அந்த வேலையே இல்லை. வெளியீட்டாளரின் மைல்ஸ்டோன் பட்டியலில், அதாவது எந்தக் கட்ட வேலைக்கு எவ்வளவு பணம் என்ற பட்டியலில், அதற்கு இடமே இல்லாததால் அத்தனை வாரச் சம்பளமும் எங்கள் கையிலிருந்து போனது. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 எஞ்சின் இத்தகைய எழுத்துகளைத் தானாகவே சரியாக அடுக்குகிறது. இப்போது தொடங்குகிறவர்கள் முதல் நாளே அதில் ஒரு தமிழ் வரியைப் போட்டுப் பாருங்கள். எந்த எஞ்சினை எடுத்தாலும் சரி, தமிழ் உரைக்கான வேலையைத் தனி வரியாகச் செலவுக் கணக்கில் எழுதுங்கள். எழுதாத செலவை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ஐரோப்பாவில் இருந்த ஒரு நடுத்தர வெளியீட்டாளருக்கு எங்கள் டெமோ பிடித்தது. ஒப்பந்தம் 375,000 வெள்ளி, ஐந்து தவணை. முதல் தவணை கையெழுத்து போட்டதும், மற்றவை மூன்று மாதத்துக்கு ஒரு மைல்ஸ்டோன் வீதம், ஒவ்வொன்றும் 75,000. எங்கள் மாதச் செலவு 24,000 வெள்ளி அளவில் இருந்தது. உள்ளூர் ஊழியர் மூவர் சம்பளம், அதற்கு மேல் முதலாளி பங்காக 17 விழுக்காடு மசேநி (மத்திய சேமநிதி), வியட்நாமிலிருந்து வந்த அனிமேட்டரின் சம்பளம், இந்தோனேசியாவின் பண்டுங்கிலிருந்து வேலை செய்த ஓவியருக்குக் கொடுப்பது, மென்பொருள், கணக்காளர். மூன்று மாதத்துக்கு 72,000 செலவு, 75,000 வரவு, சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

அங்கேதான் எல்லோரும் இடறுகிறார்கள். மைல்ஸ்டோனை அனுப்பியதும் அவர்கள் பார்த்துச் சொல்ல 30 நாள். ஒப்புக்கொண்ட பிறகு இன்வாய்ஸ் அனுப்பினால் பணம் வர இன்னும் 30 நாள். அதாவது மூன்றாம் மாத முடிவில் கொடுத்த வேலைக்கு ஐந்தாம் மாத முடிவில் பணம். நடுவிலுள்ள இரண்டு மாதத்துக்கு 48,000 வெள்ளி எங்கிருந்து வரும்? எல்லாம் ஒழுங்காக நடந்தாலே இந்த நிலைமை. யாராவது விடுமுறையில் போய்விட்டால், இரண்டு பிழைகளைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டால், 30 நாள் திரும்பவும் முதலிலிருந்து ஓடும். ஆகவே ஒப்பந்தத் தொகையைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு காகிதத்தில் மாதவாரியாகப் போகும் பணத்தையும் வரும் பணத்தையும் எழுதிப் பாருங்கள். எந்த மாதம் வங்கிக் கணக்கு மிக ஆழத்துக்குப் போகிறதோ, அந்தத் தொகை உங்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். பத்து வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால் மைல்ஸ்டோன் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். இது கேட்கக்கூடிய விஷயம்தான், பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

அப்புறம் விற்பனையில் பங்கு. வெளியீட்டாளர் போட்ட பணம் முழுதும் திரும்பிய பிறகே எங்களுக்குப் பங்கு என்று இருந்தது. போட்ட பணம் என்றால் எங்களுக்குக் கொடுத்த 375,000 மட்டும் இல்லை. விளம்பரத்துக்கு ஒதுக்கிய 75,000-உம் சேர்த்து 450,000. கேமின் விலை 20 வெள்ளி என்று வைப்போம். ஸ்டீம் போன்ற கடை 30 விழுக்காடு எடுத்தால் மீதி 14. 450,000-ஐ 14-ஆல் வகுத்தால் சுமார் 32,000 பிரதி. தள்ளுபடி, பணம் திருப்பிக் கொடுத்தது, ஏழை நாடுகளுக்கான குறைந்த விலை எல்லாம் கழித்தால் அதைவிட மிக அதிகமாக விற்க வேண்டும். அதுவரை எங்களுக்கு ஒரு காசும் இல்லை. இது மோசடி இல்லை, வழக்கமான ஏற்பாடு. ஆனால் முதல் பிரதியிலிருந்தே சிறு பங்காவது வேண்டும் என்று கேட்கலாம். பத்து விழுக்காடு கிடைத்தாலும் கேம் வெளிவந்த பிறகு பிழை திருத்தும் மாதங்களில் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம். விளம்பரச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கச் சொல்லுங்கள். ரசீது காட்டவும் சொல்லுங்கள்.

இரண்டாவது தவணைக்கு முன்னால் ஒரு தடங்கல் வந்தது. கேமில் உள்ள ஒவ்வொன்றும் எங்களுக்குச் சொந்தம் என்பதற்குக் காகிதம் கேட்டார்கள். ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது நிறுவனத்துக்குச் சேரும். ஆனால் வெளியாளிடம் காசு கொடுத்துச் செய்யச் சொன்னது தானாக நமக்குச் சேராது. 2021-இல் வந்த சிங்கப்பூர் பதிப்புரிமைச் சட்டத்தில் படைத்தவரின் பக்கம் இன்னும் வலுவாகிவிட்டது. உரிமை நமக்கு வரவேண்டுமென்றால் எழுத்தில், கையெழுத்தோடு மாற்றித் தரவேண்டும். எங்கள் இசைக்கு மிருதங்கம் வாசித்தவர் சிராங்கூன் ரோடு பக்கம் வகுப்பு எடுக்கும் பெரியவர். அவருக்கும் எங்களுக்கும் இடையே இருந்தது வாட்ஸ்அப் செய்திதான். “நான் எங்கே ஓடிப்போகப் போறேன்மா, காகிதத்தைக் கொண்டு வா, போட்டுத் தர்றேன்” என்றார். நல்ல மனிதர் என்பதால் முடிந்தது. பண்டுங் ஓவியருக்கும் அதேபோல் எழுதி, மொழிபெயர்த்து, கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் தவணை பல வாரம் தள்ளிப்போனது. வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு பக்கத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். அவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. கூலி எவ்வளவு, எப்போது என்பது அதில் இருக்கும்.

2023 நடுவில் உலகம் முழுக்க இந்தத் துறையின் காற்று மாறியது. 2 பில்லியன் டாலர் ஒப்பந்தம் ஒன்று கைவிட்டுப் போனபின் எம்பிரேசர் என்ற பெரிய கேம் குழுமம் அந்த ஜூனில் பெரிய ஆட்குறைப்பை அறிவித்தது. எங்கள் வெளியீட்டாளருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் எல்லா முதலீட்டாளர்களும் ஒரே நேரத்தில் பையை மூடினார்கள். செப்டம்பரில் யூனிட்டி ஒவ்வொரு நிறுவலுக்கும் கட்டணம் என்று அறிவித்தது வேறு எங்களைப் பதறவைத்தது. ஓராண்டு கழித்து அதைக் கைவிட்டார்கள் என்பது வேறு விஷயம். மூன்றாவது தவணைக்கான மைல்ஸ்டோனை அனுப்பியிருந்தோம். முதலில் பதில் தாமதமானது. பிறகு எங்களோடு பேசிக்கொண்டிருந்தவரையே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. கடைசியில் ஒரு மின்னஞ்சல். நிறுவனத்தின் திசை மாறுகிறது, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம், தொடர்புடைய விதி இது. காரணம் எதுவும் காட்டாமல் 30 நாள் அறிவிப்பில் விலகும் உரிமை அவர்களுக்கு இருந்தது. அதே உரிமை எங்களுக்கு இல்லை. ஏற்கப்படாத மைல்ஸ்டோனுக்குப் பணம் தரும் கடமையும் அவர்களுக்கு இல்லை.

அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட வேண்டும், அது சட்டம். மசேநிப் பணத்தை அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் மாதம் 1.5 விழுக்காடு வட்டி. வெளியீட்டாளர் விலகியதால் இந்தத் தேதிகள் நகராது. புரோகிராமர் தம்பி தனியாக வந்து, “அக்கா, இந்த மாசம் சம்பளம் வருமா? வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வீட்டுக் கடன் பிடிப்பாங்க” என்று கேட்டபோது, வரும் என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதேன். என் நிரந்தர வைப்புத்தொகையை உடைத்துத்தான் அந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் ஓட்டினேன்.

அனிமேட்டர் பெண்ணின் நிலைமைதான் இன்றைக்கும் மனதை அரிக்கிறது. அவளுடைய வேலை அனுமதி அட்டை (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) எங்கள் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. வேலை போனால் அட்டையை ரத்து செய்ய வேண்டும். அதன்பின் இங்கே தங்க 30 நாள்தான் தருவார்கள். எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் எழுதினேன். கடைசியில் கோலாலம்பூரில் ஒரு ஸ்டூடியோ அவளை எடுத்துக்கொண்டது. ஒருவரை இங்கே வரவழைக்கும்போது அவருடைய வாழ்க்கையையே நம் வங்கிக் கணக்கோடு கட்டுகிறோம். 2025 முதல் அந்த அட்டைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, வயது ஏற ஏற இன்னும் அதிகம். சிறிய ஸ்டூடியோவாக இருந்தால் அவர் தன் ஊரிலிருந்தே வேலை செய்யட்டும். பண்டுங் ஓவியர் அப்படித்தான் இருந்தார். எங்களை விட்டுப் போன மறுவாரமே அவருக்கு அங்கேயே வேறு வேலை கிடைத்தது.

மற்றவர்களுக்கும் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு மாத ஓட்டச் செலவு, இந்தப் பணம், வழக்கறிஞர் கட்டணம், எல்லாம் சேர்ந்துதான் அந்த 80,000.

வழக்கறிஞரிடம் போன பிறகுதான் அடுத்த அடி. கேமின் ஸ்டீம் பக்கம் வெளியீட்டாளரின் கணக்கில் இருந்தது. வெளிவந்ததும் வாங்கலாம் என்று விஷ்லிஸ்டில் சேர்த்த ஆயிரக்கணக்கானோரும் அங்கேதான். வேலை எங்களுடையது, பெயர் எங்களுடையது, ஆனால் கடை வாசலின் சாவி அவர்களிடம். வழக்கு என்றால் லண்டனில் நடுவர் மன்றம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அங்கே போய் வருவதற்குள் இன்னொரு 80,000 கரைந்துவிடும் என்று வழக்கறிஞர் நேராகவே சொன்னார். சிங்கப்பூரிலேயே 1991 முதல் அனைத்துலக நடுவர் மன்றம் இருக்கிறது. உலகத்து நிறுவனங்களெல்லாம் இங்கே வந்து வழக்காடுகின்றன. நாமோ நம் ஊரை விட்டு வேறு ஊரில் வழக்காட ஒப்புக்கொள்கிறோம். இங்கே என்று எழுதக் கேளுங்கள். முடியாவிட்டால் காணொளி வழியாக நடத்தலாம் என்றாவது எழுதச் சொல்லுங்கள்.

கடைசியில் பேசி முடித்தோம். மூன்றாவது தவணையைக் கேட்க மாட்டோம். அதற்குப் பதிலாக உரிமை முழுதும் எங்களுக்குத் திரும்பும், ஸ்டீம் பக்கத்தை எங்கள் கணக்குக்கு மாற்றித் தருவார்கள், அதுவரை கொடுத்த 150,000 வெள்ளியில் பாதி தீரும்வரை எங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு. ஸ்டீமில் ஒரு கேமை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற இரு தரப்பும் சம்மதித்தால் போதும்; விஷ்லிஸ்டும் கூடவே வந்தது. ஆகவே ஸ்டீம் பக்கத்தை முதலிலிருந்தே உங்கள் கணக்கில் திறந்து, வெளியீட்டாளருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள். திறக்கக் கட்டணம் 100 அமெரிக்க டாலர்தான். கேம் 1,000 டாலர் ஈட்டினால் அதுவும் திரும்ப வரும். ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒப்பந்தம் முடிந்த இத்தனை நாளுக்குள் பக்கத்தை மாற்றித் தரவேண்டும் என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்படி நடப்பது எங்களுக்கு மட்டும் இல்லை. இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருக்கும் மொஜிகென் ஸ்டூடியோ 2022-இல் தங்கள் வெளியீட்டாளர் ஒரு மானியப் பணத்தைப் பற்றித் தங்களிடம் மறைத்ததாகப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டி, கேமின் வெளியீட்டையே தள்ளிவைத்தது. அந்த அறிக்கையை நான் அப்போது படித்திருந்தேன். எங்கள் ஒப்பந்தத்துக்கும் அதில் ஒரு பாடம் உண்டு என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அவர்கள் வெளிப்படையாகப் பேசியதால் வட்டாரமே பக்கத்தில் நின்றது. 2023 ஜனவரியில் கேம் வெளிவந்து நல்ல பெயரும் வாங்கியது.

உரிமை திரும்பியதும் நானும் தம்பியும் இரவு நேரங்களில் கேமை முடித்து நாங்களே வெளியிட்டோம். முதல் வாரம் விற்றதைப் பார்த்து மனசு நிறைந்தது. பணம்? ஸ்டீம் ஒரு மாத விற்பனைக்கான தொகையை அடுத்த மாத இறுதியில் அனுப்பும். மாதத் தொடக்கத்தில் விற்றதற்கு ஏறக்குறைய இரண்டு மாதக் காத்திருப்பு. வந்த தொகையைப் பார்த்தபோது கணக்கு இடித்தது. அமெரிக்காவோடு சிங்கப்பூருக்கு முழுமையான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் கிடையாது. அதனால் அமெரிக்காவில் விற்றதில் நமக்கு வரும் பங்கில் 30 விழுக்காட்டை அங்கேயே வரியாகப் பிடித்துவிடுவார்கள். 100 டாலருக்கு விற்றால் கடைக்கு 30. மீதி 70-இல் வரி 21. கைக்கு வருவது 49. ஆங்கிலத்தில் வரும் கதை விளையாட்டுக்கு அமெரிக்காதான் பெரிய சந்தை என்பதால் இது சிறிய விஷயம் இல்லை.

பிடித்த வரியை இங்கே கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வழியிருக்கிறது. ஆனால் இங்கே நிறுவன வரி 17 விழுக்காடு. புதிய நிறுவனங்களுக்கு முதல் மூன்று ஆண்டு விலக்கு வேறு உண்டு. லாபம் இல்லாத, அல்லது கொஞ்சமே லாபமுள்ள நிறுவனத்துக்குக் கட்டவேண்டிய வரியே இல்லாதபோது எதில் கழிப்பது? என் கணக்காளர், சீன ஆன்ட்டி, எனக்காக மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். வேறு வழி இல்லை என்று சொல்லும்போது அவருக்கே வருத்தம். மலேசிய நண்பர்களுக்கும் இதே நிலைமை. இந்தோனேசியாவுக்கு ஒப்பந்தம் இருப்பதால் அவர்களுக்கு 10 விழுக்காடுதான். ஜப்பானியர்களுக்கு அந்த வரியே இல்லை. அதற்காகப் பெயருக்கு ஜகார்த்தாவில் ஒரு நிறுவனம் திறக்கலாம் என்று யோசிக்காதீர்கள். உண்மையாகவே அங்கே இயங்கும் நிறுவனத்துக்குத்தான் அந்தச் சலுகை. ஆனால் இந்தோனேசியக் குழுவோடு சேர்ந்து கேம் செய்யும்போது யார் பெயரில் வெளியிடுவது என்பதை இந்தக் கணக்கையும் பார்த்து முடிவு செய்யலாம். விற்பனை எதிர்பார்ப்பை எழுதும்போது அமெரிக்கப் பங்குக்கு 49 என்றே எழுதுங்கள்.

மானியத்தைப் பற்றியும் கேட்பார்கள். அரசாங்க ஆதரவு இங்கே உண்டு, நல்லதுதான். ஆனால் நிறுவன மேம்பாட்டு மானியம் போன்றவை செலவழித்த பிறகு, கணக்குத் தணிக்கை முடிந்து, தகுதியுள்ள செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் முறை. உள்ளூர்ச் சிறு நிறுவனங்களுக்குப் பாதி வரை. விண்ணப்பிக்கும் முன்பே தொடங்கிவிட்ட வேலைக்கு அது கிடைக்காது. மானியம் கிடைத்துவிட்டது என்று சொல்கிறவரின் கையில் அன்றைக்குப் பணம் இல்லை. வெளியீட்டாளர், கடை, மானியம் மூன்றுமே பின்னால் பணம் தருகிறவை என்றால், முன்னால் போடுகிறவர் யார்? குடும்பம்தான். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கேம் செய்யும் ஊராக இது ஆகிவிடக் கூடாது என்று எனக்கு உண்மையாகவே கவலை இருக்கிறது.

இந்த வட்டாரத்தில் திறமைக்குக் குறைவில்லை. இங்கேயே செய்யப்பட்ட கேட் குவெஸ்ட் 2017-இல் வந்து, 2019-இல் இரண்டாம் பாகம், 2024-இல் மூன்றாம் பாகம் என்று தொடர்ந்தது. இந்தோனேசியாவின் காஃபி டாக்கை உலகம் முழுக்க விளையாடினார்கள். 2024-இல் இந்தோனேசியா தேசிய கேம் துறையை வளர்ப்பதற்கென்றே அதிபர் ஆணை ஒன்றை வெளியிட்டது. இங்கே சன்டெக்கில் நடந்துகொண்டிருந்த கேம்ஸ்காம் ஏஷியா கண்காட்சி 2025-இல் பாங்காக்குக்குப் போய்விட்டது. நம் பிள்ளைகள் வெளியீட்டாளர்களைப் பார்க்க இனி விமானச் சீட்டும் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். என் பார்வையில் ஒரு ஊரின் கேம் துறை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதை எத்தனை ஸ்டூடியோ தொடங்கின என்று பார்த்துச் சொல்ல முடியாது. எத்தனை பேர் இரண்டாவது கேம் செய்யும்வரை தாக்குப்பிடித்தார்கள் என்று பார்க்க வேண்டும். இரண்டாவது கேமில்தான் ஒருவருக்குப் பேரம் பேசத் தெரியும், எதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியும், ஊழியரை எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியும். இங்கே பலர் முதல் கேமோடு பெரிய ஸ்டூடியோவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கற்றதும் அவர்களோடு போய்விடுகிறது.

நாங்கள் இப்போது வேறுவிதமாக ஓட்டுகிறோம். மாதத்தில் பாதி நேரம் மற்ற ஸ்டூடியோக்களுக்கு வேலை செய்து கொடுக்கிறோம். கோலாலம்பூரில் ஒருவருக்கு இடைமுகம், பாங்காக்கில் ஒருவருக்குச் சோதனை. வெளிவேலைக்குத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேட்கிறோம், தயக்கமில்லாமல் தருகிறார்கள். அந்தப் பணத்தில் எங்கள் கேம் மெதுவாக நகர்கிறது. வெளிவேலையில் மூழ்கிச் சொந்தக் கேமை மறந்துவிடும் ஆபத்து உண்டு. அதனால் வெள்ளிக்கிழமையை யாருக்கும் கொடுப்பதில்லை. இன்னொன்றும் செய்கிறோம். நாலைந்து சிறிய ஸ்டூடியோக்காரர்கள் சேர்ந்து, பெயரையும் தொகையையும் மறைத்துவிட்டு, ஒப்பந்த விதிகளைப் பற்றி மட்டும் பேசிக்கொள்கிறோம். விலகும் விதி உங்களுக்கு எப்படி இருந்தது, எத்தனை நாளில் பணம் வந்தது, கேட்டால் மாற்றினார்களா. ரகசியம் காக்கும் விதி எது வரைக்கும் தடுக்கிறது என்பதை முதலில் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்கிறோம். ஒப்பந்தத்தைப் படித்துக் கருத்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி கேட்பார். கேமின் இசைக்குச் செலவழிப்பதற்கு முன்பு இதற்குச் செலவழியுங்கள்.

இப்போது கோடோவில் இரண்டாவது கேம் போய்க்கொண்டிருக்கிறது; தமிழ் உரை முதல் நாளிலிருந்தே ஒழுங்காக நிற்கிறது. ஒரு வெளியீட்டாளரோடு பேச்சு நடக்கிறது. காரணமில்லாமல் விலகினால் அதுவரை செய்த வேலைக்கும் மேற்கொண்டு இரண்டு மாதச் செலவுக்கும் பணம் தரவேண்டும் என்று கேட்டோம். ஒரு மாதத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். ஸ்டீம் பக்கம் எங்கள் கணக்கில்தான். முதல் பிரதியிலிருந்து பங்கு என்பதற்கு இன்னும் சரி சொல்லவில்லை. அதைச் சொல்லும்வரை கையெழுத்துப் போடுவதில்லை என்று தம்பியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். அதுவரை பாங்காக் வேலை இருக்கிறது.